குப்பென்று ஏறும் சூடு: பல்லைக் கடித்துக்கொள்வது மட்டும்தான் வழியா?

கேள்வி | 2025 ஜனவரி 8

எனக்கு 48 வயது. நாலு மாதமாக ஒரு நாளைக்கு ஆறேழு தடவை முகமும் கழுத்தும் குப்பென்று சூடாகி வேர்த்துக் கொட்டுகிறது. ராத்திரியும் விடுவதில்லை. மாதவிடாய் இன்னும் நிற்கவில்லை, தள்ளித் தள்ளி வருகிறது. வீட்டில் மூத்தவர்கள், "ஒரு வருஷம் பல்லைக் கடித்துக்கொள், தானாகப் போய்விடும். மனசை அமைதியாக வைத்துக்கொண்டால் வரவே வராது" என்கிறார்கள். அப்படித்தானா?

ஜனவரி 8, இரவு

ஒரு வருஷம் என்பதும் தப்பு, மனசு என்பதும் தப்பு. எனக்கு 51. மூன்று வருஷமாக இதோடுதான் இருக்கிறேன், அதனால் அழுத்திச் சொல்கிறேன்.

மெனோபாஸ், அதாவது மாதவிடாய் நிற்கும் காலத்தை ஒட்டி வரும் இந்தச் சூட்டுக்கு ஹாட் ஃப்ளாஷ் என்று பெயர். ஸ்வான் என்று ஒரு பெரிய அமெரிக்க ஆய்வு. பல இனப் பெண்களை வருஷக்கணக்கில் தொடர்ந்து கவனித்தார்கள். 2015இல் வந்த முடிவுப்படி, ஹாட் ஃப்ளாஷ் அடிக்கடி வந்தவர்களில் பாதிப் பேருக்கு அது 7.4 வருஷத்துக்கு மேல் நீடித்தது. மாதவிடாய் நிற்பதற்கு வெகு முன்பே தொடங்கியவர்களுக்கு 11 வருஷத்தையும் தாண்டியது. ஒரு வருஷக் கணக்கை நம்பி உட்கார்ந்திருந்த எனக்கு இதைப் படித்த அன்று அழுகையே வந்தது. அப்புறம்தான் கோபம் வந்தது. யாராவது முன்பே சொல்லியிருக்கலாமே என்று.

ஜனவரி 9

நேற்று எழுதியது பயமுறுத்துவதாகப் பட்டால் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்: அத்தனை வருஷமும் ஒரே வேகத்தில் இருப்பதில்லை. கடைசி மாதவிடாயை ஒட்டிய ஓரிரு வருஷம்தான் பலருக்கும் உச்சம். சிலருக்கு லேசாக வந்து போய்விடும், சிலருக்கு வருவதே இல்லை.

ஜனவரி 9, மாலை

ஏன் வருகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன்.

உடம்புச் சூட்டைக் கவனித்துக்கொள்ளும் இடம் மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸ். சூடு ஒரு எல்லையைத் தாண்டினால் வேர்க்க வைக்கும், இன்னொரு எல்லைக்குக் கீழே போனால் நடுங்க வைக்கும். இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில் அது சும்மா இருக்கும். ராபர்ட் ஃப்ரீட்மன் என்ற ஆய்வாளர் 1990களில் இந்த இடைவெளியை அளந்து பார்த்தார். ஹாட் ஃப்ளாஷ் வராத பெண்களுக்கு அது 0.4 டிகிரி செல்சியஸ் அளவு இருந்தது. வருகிறவர்களுக்கு ஏறக்குறைய பூஜ்யம். அதாவது, மற்றவர்கள் உணரக்கூட முடியாத சின்னச் சூட்டு ஏற்றத்தை நம் மூளை பெரிய ஆபத்தாக எடுத்துக்கொள்கிறது. உடனே தோலின் ரத்தக் குழாய்கள் விரிகின்றன, முகம் சிவக்கிறது, இதயம் வேகமாக அடிக்கிறது, வேர்வை கொட்டுகிறது. சூடு வெளியேறியதும் உடம்பு தேவைக்கு மேல் குளிர்ந்துபோகிறது. கடைசியில் நடுங்குகிறோமே, அது இதனால்தான்.

மனசு இதை உண்டாக்குவதில்லை. பதற்றம் இருந்தால் அடிக்கடி வரலாம், வந்தால் கூடுதலாகத் தொந்தரவு செய்யலாம். அவ்வளவுதான். மனசை அமைதியாக வைத்துக்கொண்டால் வராது என்று ஒரு பெண்ணிடம் சொல்வது, ஏற்கெனவே தூங்காதவள் தலையில் பழியையும் தூக்கி வைப்பது.

ஜனவரி 10

எனக்கு எப்படி வரும் என்று எழுதி வைக்கிறேன். இதுதானா நமக்கும் வருவது என்று குழம்புகிறவர்களுக்கு உதவும்.

முதலில் ஒரு நொடி காரணமில்லாத கலக்கம், ஏதோ கெட்ட செய்தி வரப்போகிறது என்பதுபோல. அடுத்து நெஞ்சின் நடுவிலிருந்து சூடு கிளம்பிக் கழுத்து வழியாக ஏறும். காது மடல் பற்றி எரியும். மூக்குக் கண்ணாடியின் கீழ் விளிம்பில் ஆவி படியும், மேலுதட்டில் பொட்டுப் பொட்டாக வேர்வை. பின்கழுத்தில் முடி நனைந்து ஒட்டிக்கொள்ளும். மூன்று நிமிடம், நாலு நிமிடம். அப்புறம் ஈர ரவிக்கையோடு குளிரில் உட்கார்ந்திருப்பேன்.

நான் கணக்கு எழுதும் வேலை பார்க்கிறேன். ஒருமுறை பத்துப் பேர் முன்னால் வருஷ முடிவுக் கணக்கை வாசித்துக்கொண்டிருந்தபோது வந்தது. ஒரு சொட்டு வேர்வை தாளில் விழுந்து ஒரு எண்ணைக் கரைத்துவிட்டது. 6ஆ 8ஆ என்று எனக்கே தெரியவில்லை. யாரும் எதுவும் சொல்லவில்லை. எல்லாரும் தாளைப் பார்த்தார்கள்.

ஜனவரி 14

நான் செய்தது: ஒரு சின்ன நோட்டு. நேரம், அதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தேன், எவ்வளவு நேரம் நீடித்தது. சில வாரம் எழுதினேன். சூடான காபி, காரமான சாப்பாடு, அடைசலான அறை, அவசர அவசரமாகப் படியேறுவது, இவை என் நோட்டில் திரும்பத் திரும்ப வந்தன. மது, சிகரெட் பழக்கம் உள்ளவர்கள் அவற்றையும் கவனிக்க வேண்டும். இவற்றைத் தவிர்த்தால் பாதி குறையும் என்பது என் அனுபவம்.

பிப்ரவரி 2

மேலே "பாதி குறையும்" என்று எழுதியதைத் திருத்துகிறேன். நோட்டை எடுத்து உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். காபியை அறவே விட்ட இரண்டு வாரத்தில் 61 தடவை வந்திருக்கிறது. விடுவதற்கு முந்தைய இரண்டு வாரத்தில் 66. ஐந்து குறைந்ததைப் பாதி என்று எழுதியிருக்கிறேன்! குறைந்தது என்று நம்ப ஆசைப்பட்டிருக்கிறேன், வேறொன்றும் இல்லை.

அமெரிக்காவின் மெனோபாஸ் சொசைட்டி 2023இல் ஹார்மோன் அல்லாத வழிகளை எல்லாம் ஆராய்ந்து ஒரு அறிக்கை வெளியிட்டது. தூண்டும் பொருளைத் தவிர்ப்பது, குளிர்ச்சியான துணி, விசிறி, உடற்பயிற்சி, யோகா, மெதுவாக மூச்சு விடுவது எதையும் ஹாட் ஃப்ளாஷுக்கான சிகிச்சையாக அது பரிந்துரைக்கவில்லை. அந்த அளவுக்குச் சான்று இல்லை என்பதுதான் காரணம். உடற்பயிற்சி எலும்புக்கும் இதயத்துக்கும் நல்லது, செய்யுங்கள். விசிறி அந்த நாலு நிமிடத்தைக் கடக்க உதவும், நானும் பையில் வைத்திருக்கிறேன். ஆனால் இதையெல்லாம் ஒழுங்காகச் செய்தும் நிற்கவில்லை என்றால் தவறு உங்களுடையது இல்லை.

உடல் எடை கூடுதலாக இருப்பவர்களுக்கு எடை குறைந்தால் இதுவும் குறையலாம் என்று அதே அறிக்கை சொல்கிறது. உடனே நடக்கிற காரியம் இல்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன்.

பிப்ரவரி 20

மூலிகை மாத்திரை பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். பிளாக் கோஹோஷ் என்ற வேரின் மாத்திரையை நானும் சாப்பிட்டேன். முதல் மாதம் நன்றாகவே குறைந்தது, எல்லாரிடமும் சொன்னேன். மூன்றாவது மாதம் பழையபடி வந்து நின்றது. பிறகுதான் தெரிந்துகொண்டேன்: ஹாட் ஃப்ளாஷ் ஆய்வுகளில் மருந்தே இல்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கே மூன்றில் ஒரு பங்குக்குப் பக்கமாகக் குறைவது சர்வசாதாரணம். அதனால்தான் ஒருவர் "எனக்குக் குறைந்தது" என்று சொல்வதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது, என் பேச்சையும் சேர்த்து. ஈவ்னிங் பிரிம்ரோஸ் எண்ணெயும் அப்படித்தான், வெற்று மாத்திரையை அது ஜெயிக்கவில்லை.

மார்ச் 11, விடியற்காலை

3.10 மணி. தலையணையைத் திருப்பிப் போட்டேன், அந்தப் பக்கமும் ஈரம். எழுந்து முகம் கழுவிக்கொண்டு இதை எழுதுகிறேன்.

பகலில் வருவதை நான் சமாளித்துவிடுவேன். ராத்திரி வருவதுதான் ஆளை உருக்குகிறது. நாலு தடவை விழித்தவளுக்கு மறுநாள் கூட்டல் தப்புகிறது, மகள் சாதாரணமாக ஏதோ கேட்டால் எரிந்து விழுகிறேன். அவள் முகம் சுருங்குவதைப் பார்த்த பிறகுதான் என் குரலே எனக்குக் கேட்கிறது. "இது ஒரு கஷ்டமா" என்று கேட்பவர்கள் இந்தக் கணக்கைச் சேர்ப்பதே இல்லை.

உடனே செய்யக்கூடியது: கனத்த போர்வை ஒன்றுக்குப் பதில் மெல்லியது இரண்டு, கைக்கு எட்டும் தூரத்தில் மாற்று உடை. விளக்கைப் போடாமலே மாற்றிக்கொண்டால் திரும்பத் தூங்க முடிகிறது. விளக்கைப் போட்டேனோ, போச்சு.

ஏப்ரல் 3

முக்கியமான ஒன்றை முதல் நாளே எழுதியிருக்க வேண்டும், விட்டுவிட்டேன். வேர்ப்பதெல்லாம் மெனோபாஸ் இல்லை. தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் வேர்க்கும், படபடக்கும், எடை குறையும். காசநோய் போன்ற தொற்றிலும் சில ரத்தப் புற்றுநோய்களிலும் ராத்திரி வேர்வை வரும். மனச்சோர்வுக்கான சில மாத்திரைகளும் வேர்க்க வைக்கும். சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்களுக்குச் சர்க்கரை இறங்கினாலும் குப்பென்று வேர்க்கும். காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவு, கழுத்திலோ அக்குளிலோ கட்டி, விடாத வயிற்றுப்போக்கு இவற்றில் ஏதாவது கூடவே இருந்தால் வயசுதான் என்று விட்டுவிடாதீர்கள். நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ சேர்ந்து வந்தால் அன்றே, அப்போதே போய்க் காட்டுங்கள்.

இன்னொன்று: 12 மாதம் மாதவிடாய் இல்லாமல் இருந்து அப்புறம் ரத்தம் வந்தால், ஒரு துளியாக இருந்தாலும் மருத்துவரிடம் போக வேண்டும்.

ஏப்ரல் 5

"ரத்தப் பரிசோதனையில் மெனோபாஸ் இல்லை என்று வந்துவிட்டதே" என்று ஒருவர். எனக்கும் அதுதான் நடந்தது. எஃப்எஸ்எச் என்பது சினைப்பையைத் தூண்டும் ஹார்மோன், மெனோபாஸை ஒட்டி ஏறும். அதன் அளவு முதல் தடவை இளம்பெண்ணுக்கு உரியது போல் இருந்தது. அதைப் பார்த்த மருத்துவர், "எல்லாருக்கும் வருவதுதான், உங்களுக்கு இன்னும் நாள் இருக்கிறது" என்று அனுப்பிவிட்டார். எட்டு வாரம் கழித்து வேறொரு இடத்தில் எடுத்தபோது மும்மடங்குக்கு மேல். இந்தக் கட்டத்தில் அந்த அளவு வாரத்துக்கு வாரம் ஏறி இறங்கும். 45 வயதைத் தாண்டியவர்களுக்கு அறிகுறிகளை வைத்தே முடிவு செய்யலாம், பரிசோதனை பொதுவாகத் தேவைப்படாது. 40க்குள் இது தொடங்கினால் கதை வேறு, கட்டாயம் பரிசோதிக்க வேண்டும், ஏனென்றால் எலும்பையும் இதயத்தையும் சேர்த்துக் காப்பாற்ற வேண்டியிருக்கும்.

சொல்ல மறந்தேன், மாதவிடாய் தள்ளித் தள்ளி வரும் காலத்தில் கருத்தரிக்கவும் முடியும். கேள்வி கேட்டவர் கவனிக்கவும்.

மே 18

ஹார்மோன் சிகிச்சை. மெனோபாஸில் குறைந்துபோகும் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனை வெளியிலிருந்து கொடுப்பது. இதைப் பற்றி எழுத எனக்கு நாலு மாதம் ஆனது, ஏனென்றால் எனக்கே பயமாக இருந்தது.

பயம் எங்கிருந்து வந்தது? 2002இல் அமெரிக்காவில் விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ் ஆய்வின் ஒரு பகுதியைப் பாதியில் நிறுத்தினார்கள். ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்த்து எடுத்தவர்களில் மார்பகப் புற்றுநோய் கூடியது என்று செய்தி. உலகம் முழுக்கப் பெண்கள் மாத்திரையைத் தூக்கி எறிந்தார்கள். எண்ணைப் பார்த்தவர்கள் குறைவு. 10,000 பெண்கள் ஒரு வருஷம் எடுத்தால் 30 என்பது 38 ஆகும், எட்டுப் பேர் கூடுதல். எட்டு என்பது சின்ன எண், ஆனால் அந்த எட்டில் ஒருத்தி நாமாக இருந்தால் முழு எண். அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அந்த ஆய்வில் இருந்தவர்களின் சராசரி வயது 63. என்னைப் போல் 50ஐ ஒட்டி, தூக்கமில்லாமல் தவிப்பவர்கள் அதில் சிறுபான்மை.

இப்போது மருத்துவ அமைப்புகள் சொல்வது: 60 வயதுக்குள், அல்லது மாதவிடாய் நின்று பத்து வருஷத்துக்குள் தொடங்கினால், தடை எதுவும் இல்லாத பெரும்பாலானவர்களுக்கு நன்மை ஆபத்தை விட அதிகம். ஹாட் ஃப்ளாஷுக்கு இதற்கு இணையான மருந்து இல்லை, எண்ணிக்கை நாலில் மூன்று பங்கு குறைகிறது. கர்ப்பப்பை உள்ளவர்கள் ஈஸ்ட்ரோஜனைத் தனியாக எடுக்கக் கூடாது, கூடவே புரோஜெஸ்டோஜனும் (புரோஜெஸ்டின் சேர்ந்த ஹார்மோன் வகை) வேண்டும், இல்லாவிட்டால் கர்ப்பப்பையின் உட்சுவர் தடித்துப் புற்றுநோயாக மாறலாம். தோலில் ஒட்டும் பேட்ச், மாத்திரையைவிட ரத்தம் உறையும் ஆபத்து குறைந்தது. மார்பகப் புற்றுநோய், பக்கவாதம், மாரடைப்பு, ரத்தக் கட்டி, கல்லீரல் நோய் இருந்தவர்களுக்குப் பொதுவாக இது கிடையாது.

நான் பேட்ச் தொடங்கி மூன்று வாரம் ஆகிறது. அதற்கு மேல் இன்று எழுத மாட்டேன், பிளாக் கோஹோஷில் பட்டது போதும்.

மே 19

"ஹார்மோன் குறைந்தால்தான் வருகிறது என்றால் சிறுமிகளுக்கு ஏன் வருவதில்லை?" நல்ல கேள்வி, யோசிக்க வைத்தது. குறைவாக இருப்பது மட்டும் காரணம் இல்லை, இருந்து பழகியது விலகுவதுதான் காரணம். சினைப்பை இரண்டையும் அறுவையில் எடுத்தவர்களுக்குச் சில நாளிலேயே பலமாகத் தொடங்குவது இதனால்தான். ஆண்களுக்கும் வரும். புராஸ்டேட் புற்றுநோய்க்காக டெஸ்டோஸ்டிரோனை அடக்கும் ஊசி போட்டவர்களில் பெரும்பாலோர் இதே சூட்டைச் சொல்வார்கள். எங்கள் பெரியப்பா அப்படித் தவித்தபோது வீட்டில் யாருக்கும் புரியவில்லை, ஜுரம் என்று தொட்டுத் தொட்டுப் பார்த்தோம். இப்போது நினைத்தால் மனசு கனக்கிறது.

ஜூன் 27

எட்டு வாரம் ஆயிற்று, இப்போது சொல்கிறேன். நோட்டில் போன வாரம் மொத்தம் ஒன்பது. முன்பு வாரத்துக்கு முப்பதுக்கு மேல். ராத்திரி ஒரு தடவை விழிக்கிறேன், சில நாள் அதுவும் இல்லை. முதல் இரண்டு வாரம் மார்பு கனத்து வலித்தது, பிறகு சரியாகிவிட்டது.

ஜூலை 6

என் அக்காவைப் பற்றி. அவளுக்கு மார்பகப் புற்றுநோய் வந்து குணமாகி, அது திரும்பாமல் தடுக்கும் டமாக்சிஃபென் சாப்பிடுகிறாள். அந்த மாத்திரையே ஹாட் ஃப்ளாஷ் கொடுக்கும். பேட்ச் அவளுக்குக் கிடையாது. என் நோட்டில் எண் குறைந்ததை அவளிடம் சொல்லவே எனக்கு நாக்கு எழவில்லை.

அவளைப் போன்றவர்களுக்கும் வழி இருக்கிறது. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் வென்லாஃபாக்சின் குறைந்த அளவில் உதவுகிறது. ராத்திரித் தொந்தரவு அதிகம் என்றால் படுக்கும் முன் கேபாபென்டின், அது வலிப்புக்கும் நரம்பு வலிக்கும் கொடுக்கும் மருந்து. மனச்சோர்வுக்கான இன்னொரு மருந்தான பராக்செட்டின் 7.5 மில்லிகிராம் இதற்கென்றே 2013இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, ஆனால் அது டமாக்சிஃபென் உடம்பில் வேலை செய்யும் வடிவத்துக்கு மாறுவதைத் தடுக்கும். ஆகவே இரண்டையும் சேர்த்து எடுக்கக் கூடாது. இந்த விஷயம் அக்காவுக்குத் தெரியாது. எழுதிக் கொடுக்கும் எல்லாருக்கும் நாம் என்ன மாத்திரை சாப்பிடுகிறோம் என்று முழுப் பட்டியலையும் காட்ட வேண்டும்.

அவள் இப்போது வென்லாஃபாக்சினில் இருக்கிறாள். முதல் வாரம் குமட்டல். எண்ணிக்கை பாதியாகக் குறைந்திருக்கிறது என்கிறாள். அவளும் நோட்டு வைத்திருக்கிறாள், நம்பலாம்.

ஆகஸ்ட் 15

நோட்டைப் பற்றி ஒரு மறுயோசனை. இத்தனை நாளும் எத்தனை தடவை என்று எண்ணியே வந்தேன். சிபிடி என்கிற பேச்சுச் சிகிச்சையை லண்டன் கிங்ஸ் கல்லூரியின் மைரா ஹன்டர் குழு ஹாட் ஃப்ளாஷுக்காகவே வடிவமைத்துச் சோதித்தது. அதில் எண்ணிக்கையைவிட "எவ்வளவு தொந்தரவு" என்ற மதிப்பெண்தான் பெரிதாகக் குறைந்தது. முதலில் இதைப் படித்தபோது எரிச்சல் வந்தது. மறுபடியும் மனசு என்கிறார்களா என்று.

அக்கா அந்த முறையைக் கற்றுக்கொண்டபிறகு எனக்குக் கொஞ்சம் விளங்கியது. சூடு வரும் நொடியில் அவள் தலைக்குள் ஓடுவது, "எல்லாரும் பார்க்கிறார்கள், அசிங்கம்". அந்த வரியைப் பிடித்து, "நாலு நிமிடம், தணிந்துவிடும்" என்று மாற்றப் பழகினாள். இப்போது கூட்டத்தில் வந்தால் மேல்துணியைக் கழற்றிவிட்டுப் பேச்சைத் தொடர்கிறாள். சூடு அதேதான். ஆனால் முன்பெல்லாம் எழுந்து வெளியே போய்விடுவாள்.

ஜனவரியில் "மனசு இல்லை" என்று எழுதினேன், அதில் மாற்றமில்லை. ஆனால் அதனால் மனசுக்கு இதில் வேலையே இல்லை என்று ஆகிவிடாது. நோட்டில் இப்போது தூக்கம் எத்தனை மணி, தொந்தரவு பத்துக்கு எத்தனை என்று இரண்டு கட்டம் சேர்த்திருக்கிறேன். மருத்துவரிடம் போகும்போது அந்தக் கட்டங்களைக் காட்டுங்கள். "வேர்க்கிறது" என்றால் தலையாட்டுவார்கள். "மூன்று வாரமாக நாலு மணி நேரத்துக்கு மேல் தூங்கவில்லை" என்றால் பேனாவை எடுப்பார்கள்.

நவம்பர் 22

புதிய மருந்துகள் பற்றித் தொடர்ந்து கேட்கிறீர்கள். 1990இல் நயோமி ரான்ஸ் என்ற ஆய்வாளர், மாதவிடாய் நின்ற பெண்களின் ஹைப்போதலாமஸில் ஒரு வகை நரம்பணுக்கள் பருத்திருப்பதைக் கண்டார். ஈஸ்ட்ரோஜன் என்ற கடிவாளம் போனதும் இவை நியூரோகைனின் பி என்ற பொருளை அதிகமாக அனுப்பி, சூட்டைக் கவனிக்கும் இடத்தை உசுப்புகின்றன. அதைத் தடுக்கும் ஃபெசோலினெடன்ட் மாத்திரைக்கு 2023 மே மாதம் அமெரிக்கா அனுமதி தந்தது. ஹார்மோன் இல்லை. ஆனால் கல்லீரலைப் பாதிக்கலாம் என்று 2024 டிசம்பரில் கடுமையான எச்சரிக்கை சேர்த்தார்கள், ரத்தப் பரிசோதனை செய்துகொண்டேதான் எடுக்க வேண்டும். எலின்சனெடன்ட் என்ற இன்னொன்றுக்கு 2025 ஜூலையில் பிரிட்டனும் அக்டோபரில் அமெரிக்காவும் அனுமதி கொடுத்தன. அக்காவுக்காக இதைக் கவனித்து வருகிறேன்.

நவம்பர் 23

முதல் கேள்வி கேட்டவர் திரும்பி வந்து எழுதியிருக்கிறார்: பரிசோதனையில் அவருக்குத் தைராய்டு கூடுதலாகச் சுரப்பது தெரிந்திருக்கிறது, அதற்கு மருந்து எடுத்தபின் படபடப்பு போய்விட்டது, சூடு மட்டும் குறைந்த அளவில் இருக்கிறது. ஆக இரண்டும் சேர்ந்தே இருந்திருக்கின்றன. ஏப்ரலில் எழுதியதை ஜனவரியிலேயே எழுதியிருந்தால் அவருக்கு மூன்று மாதம் மிச்சமாகியிருக்கும். மன்னிக்கவும், அம்மா.

டிசம்பர் 4

பேட்ச் உரிந்து போகிறது என்றவருக்கு: தொப்புளுக்குக் கீழே வயிற்றிலோ பின்பக்க இடுப்பிலோ ஒட்டுங்கள், மார்பில் ஒட்டக் கூடாது. உடையின் இடுப்புப் பட்டி உரசும் இடம் வேண்டாம். அந்த இடத்தில் எண்ணெயோ கிரீமோ இருக்கக் கூடாது. ஒட்டியதும் உள்ளங்கையால் பத்து நொடி அழுத்திப் பிடியுங்கள். அடுத்த முறை வேறு இடம். வாரம் இருமுறை மாற்றும் வகையா, ஒருமுறையா என்று அட்டைப்பெட்டியைப் பாருங்கள். என்னுடையது இருமுறை, திங்களும் வியாழனும்.

டிசம்பர் 4, இரவு

குளிக்கும்போது கழற்ற வேண்டாம்.